பதில் வராத மார்ச்: வரலாற்றில் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும் குடியாத்தம் வாசகிக்கு

குடியாத்தத்திலிருந்து 25 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அப்பா கைலி நெசவு செய்பவர். வாசகி பள்ளியும் இளங்கலையும் தமிழ்வழியில் முடித்து, வேலூரில் எம்.ஏ. வரலாறு படித்தார். மதிப்பெண் 68 சதவீதம். இப்போது காட்பாடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் மாதம் 16,000 ரூபாய்க்கு மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறார். ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொழிலாளர்களின் 1900 முதல் 1950 வரையிலான வரலாற்றை ஆய்வு செய்ய வேண்டும் என்பது ஆசை. டிசம்பரில் ஆறு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கும் பிரிட்டனில் ஒன்றுக்கும் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்தார்.

இது மார்ச் முதல் வாரம். அமெரிக்காவில் இரண்டு இடங்கள் இல்லை என்றுவிட்டன. ஒன்று காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறது. ஒன்று பிப்ரவரி தொடக்கத்தில் வீடியோ நேர்காணல் நடத்திவிட்டு அதோடு மௌனம். மீதி இரண்டிலிருந்து ஒரு வரிகூட வரவில்லை. பிரிட்டன் பல்கலைக்கழகம் இடம் உண்டு, பண உதவி பற்றிப் பிறகு சொல்கிறோம் என்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து போனைப் பார்க்கிறார். யாருக்கெல்லாம் இடம் கிடைத்தது என்று முகம் தெரியாதவர்கள் எழுதும் பக்கங்களைத் தேடித்தேடிப் படிக்கிறார். சாப்பாடு இறங்கவில்லை. அத்தை ஒரு வரன் கொண்டுவந்திருக்கிறார். வேலூரில் ஒரு ஏஜென்சி, மூன்று லட்சம் கட்டினால் அமெரிக்காவில் எம்.ஏ. சீட் பிடித்துத் தருகிறோம், போனபிறகு பிஎச்.டி.க்கு மாறிக்கொள்ளலாம் என்று சொல்லி 25,000 முன்பணமும் அசல் மதிப்பெண் பட்டியலும் வாங்கிவைத்திருக்கிறது.

அவருடைய கேள்விகள்: "தாமதம் என்றாலே நிராகரிப்புதானே? தமிழ்வழியில் படித்ததால்தான் ஒதுக்குகிறார்களா? மெயில் போட்டுக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களா? அந்த எம்.ஏ.வில் சேர்ந்துவிடட்டுமா? வேலையை இப்போதே விட்டுவிடலாமா?"

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் இருக்கும் பயங்கள் எல்லாம் ஒன்றாக முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. சிலவற்றுக்குத் தேதி இருக்கிறது, சிலவற்றுக்கு இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இருக்கிறது, சிலவற்றில் நீங்கள் செய்வதற்கு எதுவுமே இல்லை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பாதி இரவு உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும்.

மௌனம் ஏன் இவ்வளவு நீள்கிறது

விண்ணப்பம் முதலில் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு அலுவலகத்துக்குப் போகிறது. சான்றிதழ், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், மூன்று பரிந்துரைக் கடிதங்கள் எல்லாம் வந்துசேர்ந்தனவா என்று அங்கே சரிபார்ப்பார்கள். பிறகு வரலாற்றுத் துறையில் நாலைந்து பேராசிரியர்கள் கொண்ட சேர்க்கைக் குழு படிக்கும். தெற்காசிய வரலாற்று விண்ணப்பங்களை அந்தப் பிரிவுக்காரர்கள் தனியாகப் படித்துக் கருத்துச் சொல்வார்கள். குழு தயாரிக்கும் பட்டியல் மேலே ஒப்புதலுக்குப் போய்த் திரும்பும். இந்தச் சுற்று முடிய ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை ஆகும். சில துறைகள் அதையும் தாண்டும்.

இடம் கொடுக்க நினைப்பவர்களுக்கு முதலில் தகவல் போகும். பெரும்பாலும் ஒரு பேராசிரியரே மெயில் அனுப்புவார். அதிகாரப்பூர்வக் கடிதம் சில நாள் கழித்து வரும். இல்லை என்ற கடிதங்களைக் கடைசியில் மொத்தமாக அனுப்புவார்கள். நடுவில் இருப்பவர்களிடம் எதுவும் சொல்லாமல், முதல் பட்டியலில் யார் வருகிறார்கள், யார் வேறிடம் போகிறார்கள் என்று துறை பார்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தாமதம் என்றாலே நிராகரிப்பு என்பது சரியல்ல. அதே சமயம் பொய்யான நம்பிக்கையும் தர விரும்பவில்லை. ஒரு துறை தெற்காசியப் பிரிவில் இடங்களை அறிவித்து மூன்று வாரம் ஆகியும் உங்களுக்கு எதுவும் வரவில்லை என்றால், அங்கே வாய்ப்பு குறைந்துவிட்டது என்றே கணக்கில் வையுங்கள்.

எத்தனை இடம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். வரலாற்றில் ஒரு துறை ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்தாலே பெரிது. அதில் தெற்காசியாவுக்கு ஒன்றோ இரண்டோ. சில ஆண்டுகளில் அதுவும் கிடையாது. போன வருடம் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் சேர்ந்திருந்தால் இந்த வருடம் இடங்களைக் குறைப்பார்கள். 2025 முதல் கூட்டாட்சி அரசின் நிதி வெட்டுகளால் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்திருக்கின்றன. சில துறைகள் ஒரு வருடச் சேர்க்கையையே நிறுத்திவைத்தன. அந்தப் பேராசிரியர் விடுப்பில் போகிறார், ஓய்வு பெறப்போகிறார் என்பதற்காகவும் நல்ல விண்ணப்பம் கைவிடப்படும். இவை எதுவும் உங்களைப் பற்றிய தீர்ப்பு கிடையாது.

தமிழ்வழி பற்றிய உங்கள் பயம் என்னை வருத்தியது. குழு முக்கியமாகப் பார்ப்பது உங்கள் எழுத்து மாதிரி, ஆய்வு நோக்க அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள், வழிநடத்த அங்கே ஆள் இருக்கிறதா என்பது. வட ஆற்காட்டுத் தொழிலாளர் வரலாற்றைப் படிக்க வருபவருக்குத் தமிழ்க் கையெழுத்து ஆவணம் வாசிக்கத் தெரிவது பெரிய தகுதி. பல மாணவர்கள் அதற்காகவே இரண்டு மூன்று வருடம் தமிழ் கற்கிறார்கள். தமிழ்வழி மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. எழுத்து மாதிரியில் தகவலை அடுக்கிவிட்டு, தன்னுடைய வாதம் என்ன என்று முதல் இரண்டு பக்கத்தில் சொல்லாமல் விடுவது. நம் எம்.ஏ. தேர்வுகள் அப்படித்தான் பழக்குகின்றன. இது திருத்தக்கூடிய குறை.

இரவு இரண்டு மணி

ஒவ்வொரு முறை போனைப் பார்த்ததும் ஒரு நிமிடம் மனம் அடங்குகிறது. அந்த அடக்கத்துக்காகவே அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கை போகிறது. பழக்கம் இறுகுவது இப்படித்தான். "பார்க்காதே" என்று உங்களை நீங்களே திட்டிக்கொண்டால் அது உடையாது. பார்க்கும் நேரத்தைக் கடிகாரப்படி கட்டிவிட்டால் உடையும்.

மார்ச் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைப்பார்கள். அதன்பின் கிழக்குக் கரை அலுவலகங்கள் இயங்கும் காலை 9 முதல் மாலை 5 வரை என்பது நமக்கு மாலை 6.30 முதல் இரவு 2.30 வரை. மேற்குக் கரையில் மாலை 5 என்றால் நமக்கு விடியற்காலை 5.30. ஆக, காலை 7 மணிக்கு ஒரே ஒரு முறை பார்த்தால் அந்த நாட்டின் ஒரு முழு வேலைநாள் உங்கள் பெட்டியில் இருக்கும். பிரிட்டன் அதற்கு முன்பே முடிந்திருக்கும். ஞாயிறு காலையும் திங்கள் காலையும் பார்க்கவே வேண்டாம். அங்கே அப்போதுதான் சனியும் ஞாயிறும் கழிந்திருக்கும். இரவு 3 மணிக்கு வந்த கடிதத்தை 7 மணிக்குப் படித்தால் எந்த உரிமையும் போய்விடாது. பதில் சொல்லப் பல நாள் அவகாசம் தருவார்கள்.

இரவு போனை அம்மாவின் அறையில் சார்ஜ் போடுங்கள். காலையில் பார்க்கும்போது ஸ்பாம் பெட்டியையும் விண்ணப்பப் போர்ட்டலையும் சேர்த்துப் பாருங்கள். சில இடங்களில் "உங்கள் நிலை மாறியுள்ளது" என்று ஒரு வரிதான் மெயிலில் வரும், முடிவு போர்ட்டலுக்குள் இருக்கும். மாலையில் இருபது நிமிடம் கவலைக்கென்றே ஒதுக்கி, மனதில் ஓடுவதை நோட்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் "இன்று ஏதாவது செய்ய முடியுமா?" என்ற கேள்விக்கு ஆம், இல்லை எழுதுங்கள். ஆம் என்றால் செய்துவிடுங்கள். இல்லை என்றால் அடுத்த நாள் அதே இருபது நிமிடத்துக்கு அது ஒத்திவைக்கப்பட்டது.

முடிவுகளை ஊரறியப் பகிரும் பக்கங்களை ஏப்ரல் 15 வரை திறக்காதீர்கள். அங்கே எழுதுபவர்கள் விண்ணப்பித்தவர்களில் ஒரு சிறு பகுதி. இடம் கிடைத்தவர் ஐரோப்பிய வரலாறா, சீன வரலாறா என்று பெரும்பாலும் தெரியாது. அவர்களுக்கு வந்த தேதி உங்கள் பிரிவுக்குப் பொருந்தவே பொருந்தாது.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் சாப்பாடும் இப்படியே இருந்தாலோ, வாழ்வதில் அர்த்தமில்லை என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண் இலவசம், எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவும், பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும் உங்களுக்குப் பக்கம்தான். அட்மிஷன் விஷயத்துக்கு மனநல மருத்துவரா என்று வெட்கப்பட வேண்டாம். தூக்கம் கெட்டுப்போனதற்கு வைத்தியம் பார்ப்பது தவறில்லை.

இந்த வாரம் அனுப்ப வேண்டிய மெயில்கள்

மரியாதையான ஒரு மெயிலுக்கு யாரும் கோபிப்பதில்லை. மாணவர்கள் தவறுவது, வாரத்துக்கு மூன்று மெயில் போடுவதிலும் பேராசிரியரை நேராக நச்சரிப்பதிலும்தான்.

நேர்காணல் நடத்திய துறைக்கு: பட்டமேற்படிப்பு ஒருங்கிணைப்பாளருக்கு எழுதுங்கள். தலைப்பு வரியில் பெயர், விண்ணப்ப எண். உள்ளே நாலு வாக்கியம் போதும். நேர்காணல் நடந்த தேதி, நன்றி, ஆர்வம் அப்படியே இருக்கிறது, முடிவு எப்போது எதிர்பார்க்கலாம். நேர்காணல் முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது, கேட்பதில் தப்பே இல்லை.

காத்திருப்போர் பட்டியலில் வைத்த துறைக்கு: இதுதான் முக்கியம். பட்டமேற்படிப்பு இயக்குநராக இருக்கும் பேராசிரியருக்கு 150 முதல் 200 வார்த்தைக்குள் எழுதுங்கள். பட்டியலில் தொடர விரும்புவதாகச் சொல்லுங்கள். டிசம்பருக்குப் பிறகு புதிதாக ஏதாவது செய்திருந்தால் சேருங்கள். அந்தத் துறைதான் முதல் விருப்பம் என்பது உண்மையாக இருந்தால் மட்டும் அதைச் சொல்லுங்கள். இரண்டு கேள்வி கேட்கலாம்: பட்டியலுக்கு வரிசை உண்டா, இடம் கிடைத்தால் முழு நிதியும் சேர்ந்து வருமா. ஏப்ரல் 10 வாக்கில் இன்னொரு சிறு மெயில். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஏன் ஏப்ரல்? அமெரிக்கப் பட்டமேற்படிப்புக் கழகங்களின் கூட்டமைப்பில் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கையெழுத்திட்ட உடன்பாடு ஒன்று இருக்கிறது. நிதியுதவியோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15க்கு முன் பதில் சொல்ல மாணவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அது. அதனால் இரண்டு மூன்று இடம் கையில் வைத்திருப்பவர்கள் ஏப்ரல் 10 முதல் 15க்குள்தான் வேண்டாததை விடுவார்கள். காத்திருப்போர் பட்டியல் நகர்வதும் அந்த நாட்களில்தான். உங்களுக்கே இரண்டு அழைப்பு வந்தால், சேரப்போவதில்லை என்று தெளிவான உடனே ஒன்றை விட்டுவிடுங்கள். உங்களைப்போல் ஒருவர் அங்கே காத்திருப்பார்.

அழைப்பு வந்த நாளில் சந்தோஷப்படுங்கள், மறுநாள் நிதிக் கடிதத்தை வரிவரியாகப் படியுங்கள். கட்டண விலக்கு முழுதா, உதவித்தொகை 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா, எத்தனை ஆண்டு உறுதி, மருத்துவக் காப்பீடு சேர்ந்ததா, மாணவர்மீது விழும் தனிக் கட்டணங்கள் எவ்வளவு, எந்த ஆண்டிலிருந்து பாடம் நடத்த உதவ வேண்டும். பிரிட்டன் அழைப்பில் இடம் வேறு, பணம் வேறு. நிதி முடிவு எப்போது என்று எழுதிக் கேளுங்கள். நிதி இல்லாமல் முன்பணம் எதுவும் கட்டாதீர்கள்.

ஏஜென்சி சொல்லும் எம்.ஏ.

இதில் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: வேண்டாம்.

அமெரிக்காவில் வரலாற்று எம்.ஏ. பெரும்பாலும் சொந்தப் பணத்தில் படிப்பது. அதிலிருந்து பிஎச்.டி.க்கு "மாறிக்கொள்வது" என்று பொதுவாக ஒரு வழி கிடையாது. மறுபடி விண்ணப்பித்து, எல்லோரோடும் சேர்ந்து போட்டியிட வேண்டும். கணக்குப் பாருங்கள். 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 55,000 ரூபாய். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி தனி. இந்தியாவில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறும் ஆய்வாளருக்கு மாதம் 37,000. வரலாறு படித்தவர் தொடக்கத்தில் அந்தத் தவணையைக் கட்டும் வேலை எங்கேயும் எளிதில் கிடைக்காது. பெரிய கடன் என்றால் வங்கி அடமானம் கேட்கும். நெசவுக்காரக் குடும்பத்தில் அடமானம் என்றால் அது பெரும்பாலும் குடியிருக்கும் வீடுதான். நிராகரிப்புக் கடிதத்தோடு எங்கள் எம்.ஏ.வில் சேருங்கள் என்று பல்கலைக்கழகமே கேட்டாலும் இதே கணக்கைப் போடுங்கள். கட்டணமும் செலவும் பெரும்பகுதி தள்ளுபடி ஆனால் மட்டும் யோசிக்கலாம்.

பிஎச்.டி. சேர்க்கையில் எந்த ஏஜென்சிக்கும் தலையிட இடமில்லை. உங்கள் அசல் மதிப்பெண் பட்டியலை இந்த வாரமே அப்பாவோடு நேரில் போய் வாங்குங்கள். விண்ணப்பத்துக்கு அசல் தேவையே இல்லை. முன்பணத்தைத் திரும்பக் கேட்டுப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். ரசீது, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காதீர்கள்.

ஜூன் மாத வழி

அமெரிக்கா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஜூனில் நடக்கும் யு.ஜி.சி.யின் தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கு விண்ணப்பியுங்கள். 2024 முதல் நெட் மூன்று வகையாகத் தகுதி தருகிறது: ஜே.ஆர்.எஃப்., உதவிப் பேராசிரியர் தகுதி, பிஎச்.டி. சேர்க்கை. ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கும் பிஎச்.டி. சேர்க்கையில் நெட் மதிப்பெண் 70 சதவீதம், நேர்காணல் 30 சதவீதம் என்று கணக்கிடுவார்கள். அந்த மதிப்பெண் ஓராண்டுதான் செல்லும். முதல் தாள் 50 கேள்வி, வரலாறு 100 கேள்வி, மொத்தம் மூன்று மணி நேரம், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பில்லை. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். அதனால் பழைய தாள்களை ஆங்கிலத்திலேயே போட்டுப் பழகுங்கள்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் வருடாவருடம் மாட்டிக்கொள்வது சாதிச் சான்றிதழில். நீங்கள் பி.சி. என்று எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாட்டு பி.சி. சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குச் செல்லாது. வளமான பிரிவினர் அல்லாத ஓ.பி.சி. என்ற தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் அலுவலகம் வழங்கும். வருமானத்தைப் பொறுத்தது என்பதால் ஏப்ரல் 1க்குப் பிறகு புதிதாக எடுங்கள்.

ஹைதராபாத், புதுச்சேரி, ஜே.என்.யூ., சென்னைப் பல்கலைக்கழகம், அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவற்றின் அறிவிப்புகளை மே மாதத்திலிருந்து பாருங்கள். உங்கள் தலைப்புக்கான சான்றுகளில் பெரும்பகுதி எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் சேர்ந்தாலும் ஆய்வுக்கு அங்கேதான் வந்து உட்காருவீர்கள். உங்கள் எம்.ஏ. பேராசிரியரிடம் அறிமுகக் கடிதம் வாங்கி, பள்ளி விடுமுறையில் காட்பாடியில் காலை ரயில் ஏறிப் போய்வாருங்கள். இந்தியத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்த விட்லி கமிஷன் 1931இல் வெளியிட்ட அறிக்கையோடு, சென்னை மாகாணத் தொழிலாளர் நிலை பற்றிய அதன் சாட்சியத் தொகுதியையும் எடுத்துப் படியுங்கள். பாலாற்று மாசு பற்றி வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் பக்கத்தில் வையுங்கள். உங்கள் 1950 எல்லை ஏன் 1950 என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று அது யோசிக்கவைக்கும். இந்த மாதங்களில் எழுத்து மாதிரியைத் திருத்தி எழுதினால் அடுத்த டிசம்பரில் விண்ணப்பிக்க நேர்ந்தாலும் கையில் வலுவான ஒன்று இருக்கும்.

வீட்டில்

அப்பா "என்னம்மா ஆச்சு?" என்று கேட்கும்போது "தெரியலப்பா" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுகிறீர்கள். அவருக்கும் அது பயம்தான். ஒரு தாளில் மூன்று வரி எழுதிக் கொடுங்கள்: ஏப்ரல் 15 அமெரிக்க முடிவு, ஜூனில் நெட், அதன்பின் இந்தியப் பல்கலைக்கழகங்கள். அத்தை கொண்டுவந்த வரனுக்கு ஏப்ரல் 20க்குப் பிறகு பேசலாம் என்று அப்பாவையே சொல்லச் சொல்லுங்கள். வேண்டாம் என்று இப்போதே சண்டைபோட்டால், பதில் வரும் நாளில் வீட்டில் உங்கள் பக்கம் ஆள் இருக்க மாட்டார்கள். வரன் விஷயத்தில் முடிவு உங்களுடையது. அது அட்மிஷன் கிடைக்கிறதா இல்லையா என்பதோடு சேர்ந்ததல்ல என்பதை அம்மாவிடம் தனியாகச் சொல்லிவையுங்கள்.

வேலை பற்றிக் கேட்டீர்கள். இப்போது விடாதீர்கள். இடம் உறுதியானபின் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் வர வேண்டும், வெளிநாட்டு மாணவர் பதிவுக்கான 350 டாலர் செவிஸ் கட்டணமும் 185 டாலர் விசா கட்டணமும் கட்ட வேண்டும், சென்னையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் கிடைக்க வேண்டும். விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்தபின் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் போதும். பள்ளியில் ஒரு மாத முன்னறிவிப்பு கேட்பார்களா என்று உங்கள் நியமன ஆணையை மட்டும் இப்போதே எடுத்துப் பார்த்துவிடுங்கள்.